ஆயில் பிரஷர் ஒயரைக் கழற்றலாமா? ஸ்டாண்ட்பை ஜெனரேட்டர் தன் இன்ஜினைக் காக்கும் விதம்

முதலில் கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் கேட்டிருக்கிறார்: அவர்களிடம் உள்ளது 125 கேவிஏ டீசல் ஜெனரேட்டர். மின்தடை வந்ததும் வழக்கம்போலத் தானாகக் கிளம்பிய அது, பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் பேனலில் ‘லோ ஆயில் பிரஷர்’ என்று காட்டிவிட்டு நின்றுபோனது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு சரியாக இருக்கிறது. வாட்ச்மேன் மூன்று முறை ரீசெட் செய்து ஓட்டிப் பார்த்தும் அதே கதிதான். ஆயில் பிரஷர் ஸ்விட்சின் ஒயரைக் கழற்றிவிட்டால் ஓடும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா, இயந்திரம் எதை வைத்துத் தானே நின்றுகொள்கிறது என்பதே கேள்வி.

கழற்ற வேண்டாம். கழற்றினால் ஓடும் என்று மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். என்னைக் கவலைப்பட வைப்பதும் அதுதான். ஓர் ஒயர் அறுந்தால் இயந்திரம் நிற்க வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் நம் ஊர் ஜெனரேட்டர்கள் பலவற்றில் ஆயில் பிரஷர் ஒயர் அறுந்தால், பாதுகாப்பு மட்டும் சத்தமில்லாமல் போய்விடும். இன்ஜின் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். இது எப்படி என்று புரிய, மின்தடை வந்த கணத்திலிருந்து பேனலுக்குள் நடப்பதை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

ஏஎம்எஃப் பேனல் (ஆட்டோ மெயின்ஸ் ஃபெயிலியர், அதாவது மின்தடையை உணர்ந்து ஜெனரேட்டரைத் தானாகக் கிளப்புவது) என்று நாம் சொல்லும் பெட்டியில் ஒரு கன்ட்ரோலர் இருக்கிறது. டீப் சீ, காம்ஆப் போன்ற பெயர்களில் வரும் இந்தக் கருவி, வாரியத்திலிருந்து வரும் மூன்று ஃபேஸ்களின் வோல்டேஜையும் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஏதாவது ஒரு ஃபேஸ் வைத்த அளவுக்குக் கீழே போனால்கூட அதை மின்தடையாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் உடனே இன்ஜினைக் கிளப்பாது. கண் சிமிட்டும் நேரத்துக்கு மின்சாரம் போய் வருவது நமக்குப் புதிதல்ல என்பதால், சில விநாடிகள் பொறுத்துப் பார்க்கும். அதன் பிறகு டீசல் வழியைத் திறந்து, செல்ஃப் மோட்டாருக்கு பேட்டரியை இணைக்கும். ஒவ்வொரு முயற்சியும் சுமார் ஐந்து முதல் பத்து விநாடி. இடையில் அதே அளவு ஓய்வு. மூன்று முறை முயன்றும் இன்ஜின் பற்றவில்லை என்றால் ‘ஃபெயில் டு ஸ்டார்ட்’ என்று அறிவித்துவிட்டு ஒதுங்கிவிடும். அந்த ஓய்வு, சூடேறிய செல்ஃப் மோட்டார் ஆறுவதற்கும் பேட்டரி மூச்சுவிடுவதற்கும்.

இன்ஜின் பற்றியதும் செல்ஃப் மோட்டாரை உடனே விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் பற்றிக்கொண்ட இன்ஜின் அந்தச் சிறிய மோட்டாரை அது தாங்காத வேகத்தில் சுழற்றிவிடும். பற்றிவிட்டது என்பதை, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் ஃப்ரீக்வன்சி, ஃபிளைவீல் பற்களை எண்ணி வேகத்தைச் சொல்லும் காந்த பிக்கப், ஆயில் பிரஷர், பேட்டரியை சார்ஜ் செய்யும் சிறிய ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ஆகியவற்றில் எது முதலில் வருகிறதோ அதை வைத்துக் கன்ட்ரோலர் தெரிந்துகொள்ளும். அதன் பிறகு இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கு ஏறி, நான்கு துருவ ஆல்டர்னேட்டர் 50 ஹெர்ட்ஸும் உரிய வோல்டேஜும் தந்ததும் லோடு மாற்றப்படும். வாரிய மின்சாரமும் ஜெனரேட்டர் மின்சாரமும் ஒருபோதும் ஒன்றாகச் சேராதபடி லோடை இணைக்கும் இரண்டு பெரிய ஸ்விட்சுகளான கான்டாக்டர்களுக்கிடையே, ஒன்று மூடியிருந்தால் மற்றது மூடாத இன்டர்லாக் இருக்கும்.

உங்கள் சிக்கல் இந்த வரிசையின் நடுவே இருக்கிறது. இன்ஜின் நின்றிருக்கும்போது ஆயில் பிரஷர் பூஜ்யம். கிளம்பி, பம்ப் ஆயிலை இழுத்து, ஃபில்டரை நிரப்பி, பேரிங்குகளுக்குத் தள்ளும்வரை சில விநாடிகள் அது பூஜ்யத்தை ஒட்டியேதான் இருக்கும். அந்த நேரத்தில் கன்ட்ரோலர் ஆயில் பிரஷரைப் பார்த்து முடிவெடுத்தால் எந்த இன்ஜினும் ஒருநாளும் கிளம்பாது. ஆகவே பற்றிக்கொண்ட பிறகு ஏறத்தாழ பத்து விநாடி வரை அந்தப் பாதுகாப்பைக் கன்ட்ரோலர் வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் விட்டுவைக்கும். அந்தக் கெடு முடிந்ததும் கண்ணைத் திறந்து பார்க்கும். உங்கள் ஜெனரேட்டர் பத்துப் பன்னிரண்டு விநாடியில் நின்றது என்றால், கெடு முடிந்த கணத்தில் கன்ட்ரோலர் பார்த்தது ‘பிரஷர் வரவே இல்லை’ என்பதைத்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது பிரஷர் இறங்கியது என்பது வேறு, இது வேறு. ஒரு மணி நேரம் ஓடிச் சூடான பிறகு ட்ரிப் ஆகியிருந்தால், ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது, டீசல் கலந்திருக்கிறது, பேரிங் தேய்ந்திருக்கிறது என்ற திசையில் யோசித்திருப்பேன். கெடு முடிந்ததும் ட்ரிப் என்றால் சந்தேகம் இரண்டு பக்கம் மட்டுமே போகும்: பம்ப் உண்மையிலேயே ஆயிலை ஏற்றவில்லை, அல்லது ஏறிய செய்தி பேனலுக்கு வந்து சேரவில்லை.

இங்கே வாட்ச்மேன் செய்ததைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரைக் குறை சொல்வதற்காக அல்ல, பொத்தான் கையருகே இருந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். இந்த வகை ட்ரிப்புக்குப் பிறகு கன்ட்ரோலர் தானாக மறுபடி முயலாமல் பூட்டிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. ரீசெட் செய்து ஓட்டும் ஒவ்வொரு முறையும் அந்தப் பத்து விநாடிக் கெடு புதிதாகத் தொடங்குகிறது. முதல் ஓட்டத்தையும் சேர்த்தால் நான்கு ஓட்டம். பிரஷர் உண்மையிலேயே வரவில்லை என்று வைத்துக்கொண்டால், உங்கள் இன்ஜின் இதுவரை நாற்பது விநாடிக்கு மேல் ஆயில் இல்லாமல் முழு வேகத்தில் ஓடியிருக்கிறது. ஆயில் சரியாக வரும்போது, இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் தன் பேரிங்குகளின்மீது உரசிக்கொண்டு சுழல்வதில்லை. தலைமுடியைவிட மெல்லிய ஓர் ஆயில் படலத்தின்மேல் மிதந்துகொண்டு சுழல்கிறது. அந்தப் படலத்துக்கு ஆயிலை ஊட்டிக்கொண்டே இருப்பதுதான் பிரஷரின் வேலை. ஊட்டு நின்றால் உலோகம் உலோகத்தைத் தொடும். பேரிங்கின் மென்மையான மேற்பூச்சு உருகி ஷாஃப்டில் ஒட்டிக்கொள்ளும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ உள்ள இன்ஜினில் அதைவிட விரைவாக டர்போவின் பேரிங் போகும். இப்படிப்பட்ட நாற்பது விநாடி, பல ஆயிரம் மணி நேரத் தேய்மானத்தைவிடக் கெடுதலானது.

இனி அந்த ஒயர். காரில் சாவியைத் திருப்பியதும் சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் கெண்டி போன்ற விளக்கு எரிந்து, இன்ஜின் கிளம்பியதும் அணைவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஜெனரேட்டரின் பிரஷர் ஸ்விட்சும் பெரும்பாலும் அதே ஜாதிதான். பிரஷர் இல்லாதபோது உள்ளே இருக்கும் தொடுமுனை மூடியிருந்து, ஒயரை இன்ஜினின் உடம்போடு, அதாவது எர்த்தோடு, சேர்த்துவிடுகிறது. பிரஷர் வந்ததும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு தள்ளி, தொடுமுனை திறக்கிறது. கன்ட்ரோலருக்குத் தெரிந்த மொழி இவ்வளவுதான்: ஒயர் எர்த் ஆகியிருந்தால் பிரஷர் இல்லை, எர்த் ஆகவில்லை என்றால் பிரஷர் இருக்கிறது. ஒயரைக் கழற்றிவிட்டால் எர்த் ஆக வழியே இல்லை. எனவே ‘பிரஷர் நன்றாக இருக்கிறது’ என்ற செய்தி நிரந்தரமாகப் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் கழற்ற வேண்டும் என்றுகூட இல்லை. அதிர்வில் ஒயர் நுனியின் லக் தளர்ந்து விழுந்தாலும், எலி கடித்தாலும் இதே விளைவுதான். மறுபக்கம், அதே ஒயரின் உறை உராய்ந்து செம்பு எங்காவது இன்ஜின் பிளாக்கில் பட்டுக்கொண்டிருந்தால், பிரஷர் நான்கு பார் இருந்தாலும் பேனல் ‘லோ ஆயில் பிரஷர்’ என்றே சொல்லும். உங்கள் நிலைமைக்கு இது ஒரு முக்கியமான சந்தேகம். தண்ணீர் புகுந்த கனெக்டரும், டயஃப்ரம் கிழிந்த ஸ்விட்சும் இதே பட்டியலில் வரும்.

ஜெனரேட்டரின் ஒவ்வொரு பாதுகாப்பைப் பற்றியும் நான் முதலில் கேட்பது, அந்த ஒயர் அறுந்தால் என்ன ஆகும் என்பதுதான். கேட்டுப் பார்த்தால், ஒரே பேனலுக்குள் நேர் எதிரான பதில்கள் கிடைக்கும். எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தானின் ஒயர் அறுந்தால் இன்ஜின் நிற்கும். அது மூடிய தொடுமுனை வழியாக ஓடும் சுற்று. காந்த பிக்கப்பின் ஒயர் அறுந்தால் ‘வேகம் தெரியவில்லை’ என்று கன்ட்ரோலர் நிறுத்திவிடும். டீசலைத் திறந்துவைக்கும் சோலனாய்டு (மின்காந்த வால்வு), மின்சாரம் இருக்கும்வரை திறந்திருக்கும் வகையாக இருந்தால், ஒயர் அறுந்ததும் டீசல் அடைபடும். சில பழைய இன்ஜின்களிலோ நிறுத்துவதற்குத்தான் மின்சாரம் தேவை. அவற்றில் ஒயர் அறுந்தால் கன்ட்ரோலர் ‘ஃபெயில் டு ஸ்டாப்’ என்று அலறிக்கொண்டிருக்கும், இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆயில் பிரஷர் ஸ்விட்ச் கெட்ட பக்கத்தில் சேர்ந்தது என்பதைப் பார்த்தோம். ஆனாலும் அதற்கு ஒரு மாற்று வழி உண்டு: இன்ஜின் நின்றிருக்கும்போது அந்த ஒயர் கட்டாயம் எர்த் ஆகியிருக்க வேண்டும் என்பதால், ‘நிற்கும் இன்ஜினில் பிரஷர் எப்படி வந்தது’ என்று கேட்டு ஒயர் போனதைக் கண்டுபிடிக்கும் கன்ட்ரோலர்கள் இருக்கின்றன.

சூட்டுக்கான ஸ்விட்சுக்கு அந்த வசதியும் கிடையாது. அது சூடானால் மட்டுமே எர்த் ஆகும். மற்ற நேரமெல்லாம் திறந்தே இருக்கும். ஆகவே அறுந்த ஒயருக்கும் குளிர்ந்த இன்ஜினுக்கும் பேனலின் கண்ணில் வித்தியாசமே இல்லை. ஸ்விட்சுக்குப் பதிலாக சென்சார் இருந்தால் நிலைமை மேல். அது ஒரு ரெசிஸ்டன்ஸ் அளவைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருப்பதால், அறுந்தால் நடக்கவே முடியாத ஓர் அளவு வரும், கன்ட்ரோலர் அதைப் பிடித்துவிடும். சூட்டு விஷயத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. அந்த சென்சார், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான வெப்பத்தைச் சொல்லும். ஹோஸ் பைப் வெடித்துக் கூலன்ட் முழுவதும் கொட்டிவிட்டால் அது வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். சிலிண்டர் ஹெட் வெந்துகொண்டிருக்கும்போது பேனலில் வெப்பம் ஏறாமலே இருக்கலாம். ரேடியேட்டரில் கூலன்ட் அளவுக்கென்று தனி ஸ்விட்ச் வைப்பது இதனால்தான். வாங்கும்போது விலையைக் குறைப்பதற்காக இதை வெட்டிவிடுவது சரியான சிக்கனம் அல்ல.

சார்ஜிங் விளக்கையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ‘சார்ஜ் ஃபெயில்’ என்று வந்தால் பேட்டரிச் சமாச்சாரம்தானே, பிறகு பார்க்கலாம் என்று பலர் விட்டுவிடுவார்கள். பல இன்ஜின்களில் சார்ஜிங் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் ஃபேனையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்தால் முதலில் தெரிவது சார்ஜ் போனது. அடுத்த சில நிமிடங்களில் வருவது ஓவர் ஹீட். அப்படிப்பட்ட இன்ஜினில் சார்ஜ் விளக்கை, முன்கூட்டியே அடிக்கும் சூட்டு மணி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேகம் மிஞ்சுவது இவை எல்லாவற்றிலும் அரிது, எல்லாவற்றிலும் கொடியது. வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னர் ஒட்டிக்கொண்டாலோ அதன் இணைப்பு கழன்றாலோ டீசல் தாராளமாகப் போய் இன்ஜின் எகிறும். சுழலும் உறுப்புகளின்மேல் வரும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 1500 சுற்று 1725 ஆனால், அதாவது 15 சதவீதம் கூடினால், விசை 32 சதவீதம் கூடிவிடுகிறது. ஆகவே ஏறத்தாழ 110 முதல் 115 சதவீதத்திலேயே கன்ட்ரோலர் டீசலை அடைத்துவிடும். லோடு திடீரென்று கழன்றால் இன்ஜின் ஒரு கணம் துள்ளுவது இயல்பு. அதற்கு நிற்காமலிருக்க மிகச் சிறிய தாமதம் மட்டும் தரப்பட்டிருக்கும். டீசலை அடைத்தும் நிற்காத நிலையும் ஒன்று உண்டு: டர்போவின் சீல் போய், இன்ஜின் தன் ஆயிலையே குடித்து எரியத் தொடங்கினால், அதை நிறுத்தக் காற்றை அடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கசிந்த எரிவாயு காற்றோடு உள்ளே போய் எரிந்தாலும் இதே கதிதான்; எண்ணெய் வயல்களில் உள்ள இன்ஜின்களில் காற்றை அடைக்கும் வால்வு பொருத்துவது அந்த அச்சத்தால்தான்.

கன்ட்ரோலர் எல்லாக் குறைகளுக்கும் ஒரே தண்டனை தருவதில்லை. சார்ஜ் போனது, டீசல் குறைவு போன்றவற்றுக்கு எச்சரிக்கை மட்டும் தந்து ஓடவிடும். ஓவர் லோடு போன்ற மின்சாரக் குறைகளுக்கு லோடை மட்டும் கழற்றி, இன்ஜினைச் சில நிமிடம் வெறுமனே ஓடவிட்டு ஆறிய பிறகே நிறுத்தும். ஆயில், சூடு, வேகம் ஆகிய மூன்றுக்கும்தான் உடனடித் தூக்கு. வெறுமனே ஓடவிடும் அந்த நேரம் டீசல் வீண் என்று நினைத்து, மின்சாரம் வந்ததும் கையால் அணைத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சூடான டர்போவில் ஆயில் ஓட்டம் திடீரென்று நின்றால், உள்ளே தேங்கிய ஆயில் கரியாகப் படியும்; மிச்சமாகும் டீசலின் விலைக்கும் டர்போவின் விலைக்கும் உறவே கிடையாது.

எல்லா இடத்திலும் இன்ஜின்தான் காப்பாற்றப்பட வேண்டியது என்று இல்லை. தீயணைப்பு பம்பை ஓட்டும் டீசல் இன்ஜினுக்கான அமெரிக்க விதியான என்எஃப்பிஏ (தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம்) 20-இன்படி, தீயின்போது தானாகக் கிளம்பிய இன்ஜின் ஆயில் பிரஷர் குறைந்தாலும் சூடு ஏறினாலும் மணி மட்டும்தான் அடிக்க வேண்டும், நிற்கக் கூடாது. வேகம் மிஞ்சினால் மட்டுமே நிற்கலாம். கட்டிடம் எரிந்துகொண்டிருக்கும்போது பேரிங்கைக் காப்பாற்றி என்ன செய்வது? அணுமின் நிலையங்களின் அவசர ஜெனரேட்டர்களிலும், விபத்துக்கான சமிக்ஞை வந்துவிட்டால் பெரும்பாலான ட்ரிப்புகள் செயலிழக்கும்படி அமைத்திருப்பார்கள். உங்கள் மெக்கானிக் செய்யச் சொல்வதும் மேலோட்டமாக இதுபோலத்தான் தெரியும். ஆனால் அங்கே என்ன எரிகிறது என்று கணக்குப் போட்டு, இன்ஜின் போனால் போகட்டும் என்று தெரிந்தே முடிவெடுத்திருக்கிறார்கள். மணியும் தொடர்ந்து அடிக்கும். உங்கள் இடத்தில் லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் இரண்டு மணி நேரம் நின்றால் சிரமம்தான். கிராங்க் ஷாஃப்டோடு ஒப்பிடும் அளவுக்கான சிரமம் அல்ல. யாராவது வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருந்தால் அந்த வீட்டுக்கு மட்டும் இன்வெர்ட்டர் ஏற்பாடு செய்து கொடுங்கள்.

2023 ஜூலையிலிருந்து அமலுக்கு வந்த சிபிசிபி (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்) நான்கு பிளஸ் மாசு விதிகளுக்கு ஏற்ற புதிய இன்ஜின்களில், ஆயில் பிரஷரும் வெப்பமும் சென்சார் வழியாக இன்ஜினின் சொந்தக் கணினிக்குப் போய், அங்கிருந்து ஒரே தகவல் கம்பி வழியாகப் பேனலுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. அவற்றில் ஒயரைக் கழற்றி ஏமாற்றும் வழி கிடையாது. கழற்றினால் இன்னொரு பழுதுதான் பதிவாகும்.

இனி உங்கள் ஜெனரேட்டருக்கு. செலக்டரை ஆட்டோவிலிருந்து எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ‘ஓட்டாதே’ என்று அட்டை எழுதி மாட்டுங்கள். இல்லையென்றால், யாராவது மறுபடி ரீசெட் செய்துவிட்டால் அடுத்த மின்தடையில் அது தானாகவே ஐந்தாவது முறை முயலும். மெக்கானிக் அந்த ஸ்விட்சைக் கழற்றி, அதே துளையில் ஒரு சாதாரண முள் கேஜை மாட்டட்டும். பிறகு பேட்டரியை இணைத்து, டீசல் வழியை அடைத்துவிட்டு (மின்சாரம் இருந்தால் திறக்கும் வகை சோலனாய்டு என்றால் அதன் ஒயரைக் கழற்றினால் போதும்), இன்ஜின் பற்றாதபடி செல்ஃபை மட்டும் சில விநாடிகள் சுற்றிப் பார்க்கட்டும். அந்த மெதுவான சுழற்சியிலேயே முள் கொஞ்சம் எழ வேண்டும். எழுந்தால், இன்ஜினைக் கிளப்பி, முழு வேகத்தில் உங்கள் இன்ஜின் கையேடு சொல்லும் அளவு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஸ்விட்சோ ஒயரோதான் குற்றவாளி. ஸ்விட்ச் விலை மலிவு. ஒயரை உராயாத வழியில் புதிதாக இழுக்க அரை நாள் போதும். முள் அசையவே இல்லை என்றால் அதற்கு மேல் ஒரு விநாடிகூட ஓட்டாமல், அண்மையில் ஆயில் ஃபில்டர் மாற்றினார்களா, மாற்றியது சரியான வகைதானா என்பதிலிருந்து தொடங்கி, மிகுந்த பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு, அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் இருக்கும் உறிஞ்சு குழாய், பம்ப் என்று போக வேண்டும். மாதக்கணக்கில் ஓட்டாமல் கிடந்து பம்ப் வறண்டுபோயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

மாதக்கணக்கில் ஓட்டாமல் கிடப்பது என்று சொன்னதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. என்எஃப்பிஏ 110 என்ற விதி மாதம் ஒருமுறை 30 நிமிடம், குறைந்தது 30 சதவீத லோடில் ஓட்டச் சொல்கிறது. அது அமெரிக்க விதியென்றாலும் டீசலுக்கு நாடு கிடையாது. உங்கள் 125 கேவிஏ, 0.8 பவர் ஃபேக்டரில் 100 கிலோவாட். எனவே 30 கிலோவாட்டாவது வேண்டும். லோடு இல்லாமல் பத்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது இன்ஜினுக்கு நல்லதல்ல. சரியாக எரியாத டீசல் எக்ஸாஸ்ட்டில் கறுப்புப் பசையாகத் தங்கும், சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலை நீர்க்கவைக்கும், பிறகு ஒருநாள் உண்மையான லோ ஆயில் பிரஷராக வந்து நிற்கும்.

பழுது தீர்ந்த பிறகு, லோடு இல்லாமல் ஓடும்போது ஆயில் பிரஷர் ஸ்விட்சின் ஒயர் நுனியை மெக்கானிக் இன்ஜின் உடம்பில் தொட்டுக் காட்டட்டும். வைத்த தாமதத்துக்குள் இன்ஜின் நிற்க வேண்டும். சூட்டு ஸ்விட்சின் ஒயருக்கும் அதையே செய்யச் சொல்லுங்கள். சோதித்த தேதியைப் பேனல் கதவின் உட்புறம் மார்க்கரில் எழுதிவைத்து, ஆறு மாதம் கழித்து அதன் கீழே அடுத்த தேதியை எழுதுங்கள்.